முக்கால் மணி நேரம், ஒரு மைலோ பாக்கெட்

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மனைவி, ஒன்றரை வயது மகள், அம்மா ஆகியோருடன் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. உணவங்காடி நிலையம் ஒன்றில் தட்டு கழுவும் வேலை. இரவு 11.15-க்கு பஸ்ஸைவிட்டு இறங்கி, கால்வாய் ஓரப் பாதையில் 12 நிமிடம் நடந்து வருவார். போன மாதம் இரண்டு முறை ஒரே ஆள் அவர் பின்னாலேயே வந்திருக்கிறான். முதல் முறை வந்து சொன்னார். இரண்டாம் முறை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள 24 மணி நேரக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலை மேசைமேல் ஒரு மைலோ பாக்கெட்டும் ரசீதும் கிடந்தன. ரசீதில் மணி 11.58. கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. (ராத்திரி போன் அடித்தால் குழந்தை எழுந்துவிடுகிறது என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தேன், அதனால் அம்மா அழைப்பதில்லை.) பெப்பர் ஸ்ப்ரே இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்பதால், விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் டார்ச் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். 85 வெள்ளிக்கு (டாலர்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 1,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) போதுமா, 2,000 வேண்டுமா? உண்மையிலேயே ஆளைத் தடுத்து நிறுத்துமா?

பதில்: தம்பி, முதலில் டார்ச். அதற்குத்தானே எழுதினீர்கள்.

என் அக்கா மகன் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்த கையோடு இப்படி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். இதே கேள்வி வருடத்துக்கு நாலைந்து முறை வருகிறது என்பதால் ஒருநாள் அவனையும் டார்ச்சையும் வீட்டுக்கு வரவழைத்தேன். படுக்கையறை விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அறைக் கோடியில் நின்று என் முகத்தில் அடிக்கச் சொன்னேன். (நீங்கள் செய்து பார்க்காதீர்கள். எனக்கு மறுநாள்வரை தலைவலி.) கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அணைத்த பிறகும் ஊதாவும் பச்சையுமாக ஒரு திட்டு கண்முன்னால் மிதந்தது. அவன் எந்தப் பக்கம் நகர்ந்தான் என்று தெரியவில்லை. ஆனால் கால் நன்றாகத்தான் இருந்தது. கையை நீட்டிக்கொண்டு நாலெட்டு வைத்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எனக்கு வயது 66.

அடுத்து வெளியே, மின்தூக்கிக்கு முன்னால், ராத்திரி முழுக்க விளக்கு எரியும் இடத்தில். அங்கே கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். எரிச்சல் மட்டும் வந்தது. எரிச்சல் வந்தவன் ஓடுவானா, பாய்வானா என்பதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

இருட்டுக்குப் பழகிய கண்ணிடம்தான் இந்த வித்தை பலிக்கும். மங்கலில் பார்க்க உதவும் நிறமி ஒன்று கண்ணில் இருக்கிறது. பலத்த வெளிச்சம் பட்டதும் அது வெளுத்துப்போகும், முழுதாகத் திரும்ப 20, 30 நிமிடம் பிடிக்கும். வெளிச்சம் விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை விட்டுவிட்டு அடிக்கும்போது எதிராளியின் அசைவு துண்டு துண்டாகத் தெரியும், தூரம் பிடிபடாது. இதுவரை கடைக்காரர் சொல்வது மெய். மயங்கி விழுவான், வாந்தியெடுப்பான் என்பதெல்லாம் சரக்கு தள்ளுகிற பேச்சு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் சில விநாடி மாறிமாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பிள்ளைகளை, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அன்று நாடு முழுக்கப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். மின்னும் ஒளி ஒத்துக்கொள்ளாத உடம்பு மிகச் சிலருக்குத்தான். உங்கள் அம்மாவின் பின்னால் வருகிறவன் அதில் ஒருவனா என்று முன்கூட்டியே கேட்டா வைக்க முடியும்?

1,000-மா 2,000-மா என்றால், பெட்டிமேல் உள்ள எண் முதல் ஒன்றிரண்டு நிமிடக் கணக்கு. சூடேறியதும் டார்ச்சே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கைப்பைக்குள் தவறுதலாக எரிந்தால் பையைப் பொசுக்குகிற அளவுக்குச் சுடும். விளிம்பில் பல் பல்லாக வைத்திருப்பது குத்துவதற்காம். தட்டு கழுவிவிட்டு வருகிற 63 வயதுக்காரரைச் சண்டைக்கு அனுப்புகிற உத்தேசம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

ஆக, இருட்டான கால்வாய்ப் பாதையில், சரியாக முகத்தில் அடித்தால், சில விநாடி கிடைக்கும். அந்தச் சில விநாடியில் ஓடுகிறவருக்குத்தான் அது உதவும். எட்டு மணி நேரம் நின்ற கால் எவ்வளவு தூரம் ஓடும்?

அப்புறம் அந்தப் பொத்தான். ஒருமுறை அழுத்தினால் சாதா வெளிச்சம். டக்டக்கென்று இரண்டு முறை அழுத்தினால் மின்னும். கொஞ்சம் தாமதித்து அழுத்தினால் அணைந்தேவிடும். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எனக்கே மூன்று தடவையில் ஒரு தடவைதான் வந்தது. நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரலுக்கு, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது வருமா?

சரி, டார்ச் முடிந்தது. இனி, அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்தீர்களே, அந்த வரி.

பின்னால் ஒருவன் வருகிறான் என்று பயந்த ஒரு தாய், மகன் வீட்டிலிருந்து 12 நிமிட நடையில், கையில் போனை வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் கடையில் நின்றிருக்கிறார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும். கல்லாவில் இருக்கிற பையன் ஏதாவது நினைப்பானே என்று ஒரு மைலோ வாங்கியிருக்கிறார். அதையும் குடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். முன்பின் தெரியாத அந்தப் பையனுக்குத் தொந்தரவு கொடுப்பது, உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதைவிட அவருக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. இதை எழுதிய கையோடு அடுத்த வரியிலேயே பெப்பர் ஸ்ப்ரேக்குத் தாவிவிட்டீர்களே!

உங்கள் எண்ணை ஒருமுறை அழுத்தத் தயங்கியவர், டார்ச்சை இரண்டு முறை அழுத்துவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

எப்போதோ ஒருமுறைதான் சொன்னீர்களாம். அந்தத் தலைமுறைக்கு ஒருமுறை போதும். நாம் அரைத்தூக்கத்தில் சொல்லிவிட்டு மறந்துபோவோம். அவர்கள் அதைச் சட்டமாக எழுதிவைத்துக்கொள்வார்கள். சின்ன வயதில் நீங்கள் ராத்திரி அழுதபோது அம்மா என்ன செய்தார் என்றெல்லாம் வசனம் பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் மகளுக்கு அலாரம், மாமியாருக்கு ஜிபிஎஸ் கடிகாரம், அம்மாவுக்கு டார்ச் என்று பொருள்தான் மாறுகிறது. எதை வேண்டுமானாலும் வாங்கித் தரத் தயார், கீழே இறங்கிப்போய் நிற்க மட்டும் ஆள் இல்லை. வயதான தாயைப் பார்த்துக்கொள்வது பொருள் வாங்கிக் கொடுப்பதோடு முடிகிற காரியம் இல்லை என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று திட்டி எழுதுகிறவர்கள் எழுதட்டும். அவர் வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, போகட்டும், அது அவர் சம்பாத்தியம். பழியை மனைவிமேல் போடாமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஒரு மார்க் உண்டு.

ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறான் என்றால் விவகாரம் டார்ச்சைத் தாண்டிவிட்டது. 2014-இல் வந்த தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ், ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து அலைக்கழிப்பது குற்றம். உங்கள் கடிதத்தில் போலிஸ் என்ற சொல்லே இல்லை! நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிறுத்தம், ஆள் எப்படி இருந்தான், எல்லாம் சொல்லட்டும். ரசீதையும் எடுத்துப் போங்கள், நேரம் அதில் இருக்கிறது. கடையில் கேமரா இருக்கும். வீவக புளோக்குகளில் போலிஸ் கேமராக்களை 2012-இலிருந்தே பொருத்தி வந்திருக்கிறார்கள். பதிவு அழிகிறவரை காத்திருக்காதீர்கள். மறுபடியும் அவன் பின்னால் வந்தால் அந்த நிமிடமே 999. வாய்விட்டுப் பேச முடியாவிட்டால் 70999-க்கு எஸ்எம்எஸ். இரண்டையும் அம்மா போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். கால்வாய்ப் பாதையை விட்டுவிட்டுப் புளோக்குகளுக்கு நடுவில் வரட்டும், ஐந்து நிமிடம் கூடினால் கூடட்டும். எரியாத விளக்கு இருந்தால் ஒன்சர்வீஸ் செயலியில் புகார் போடலாம், அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

டார்ச் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 15 வெள்ளிக்கு ஒரே பொத்தான் உள்ள சாதா டார்ச் வாங்குங்கள். எதிரில் வருகிறவர் முகம் முன்கூட்டியே தெரியும், மழை நாளில் கால் வழுக்காது. மிச்சம் 70 வெள்ளியை டாக்சிக்கு வையுங்கள். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார், வண்டியைச் செயலியில் நீங்களே பிடித்துவிடுங்கள்.

மற்ற நாட்களில் 11 மணிக்குக் கீழே இறங்கிப் பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். உங்களால் முடியாத இரவில் அவர் அழைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், அழைக்கமாட்டார். 11.15-க்கு நீங்களே அழைத்து, அவர் வாசலுக்கு வரும்வரை பேசிக்கொண்டிருங்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் குழந்தை எழாது. 2,000 லூமென் வரை படித்து வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் நாள் உங்களை நிறுத்தத்தில் பார்த்ததும், "எதுக்குய்யா வந்தே, பிள்ளை எந்திரிச்சிடுமே" என்றுதான் கேட்பார். பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் பையை வாங்கிக்கொண்டு கூட நடந்து வாருங்கள்.