லிஃப்ட் செய்த ஜீப்புக்கு எந்த டை ராட், எந்த ஆக்ஸில் ஷாஃப்ட் பொருந்தும்?

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 ஜீப் ராங்ளர் டிஜே. முன் ஆக்ஸில் (முன் சக்கரங்களின் அச்சு) டேனா 30 வகை. வண்டியை 4 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் 33 அங்குல டயரும் போட்டதிலிருந்து, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் திரும்புகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுதும் உதறவும் செய்கிறது. கிராண்ட் செரோக்கி இசட்ஜே வி8 வண்டியின் டை ராட் (முன் சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் தடி), ஒரு டிராப் பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து நீளும் கை, வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது), ராங்ளர் ஜேகே வண்டியிலிருந்து கழற்றிய முன் ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஜோடி, கூடுதலாக இன்னொரு ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் உதறலை அடக்கும் ஷாக்), இவ்வளவும் வாங்கலாம் என்றிருக்கிறேன். "எல்லாம் டேனா 30தான், எல்லாம் 27 ஸ்பிளைன்தான், அப்படியே உட்காரும்" என்கிறார் விற்பவர் (ஸ்பிளைன் என்பது ஷாஃப்ட் முனையில் உள்ள பல்). நம்பலாமா?

பதில்: டை ராடை வாங்குங்கள். பிட்மேன் ஆர்மை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஷாஃப்ட் வேண்டவே வேண்டாம். டேம்பரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய பொருள்.

முதலில் ஷாஃப்ட் கதையை முடித்துவிடுவோம். விற்பவர் பொய் சொல்லவில்லை. ஜேகேயின் முன் ஆக்ஸிலிலும் டேனா 30 உண்டு, அதன் உள் ஷாஃப்ட்டும் 27 ஸ்பிளைன்தான். ஆனால் டேனா 30 என்பது ஒரு குடும்பப் பெயர். செரோக்கி எக்ஸ்ஜே, ராங்ளர் ஒய்ஜே, டிஜே, ஜேகே என்று பல தலைமுறைகளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஜேகேயின் முன் ஆக்ஸில் உங்கள் டிஜேயினுடையதைவிட அகலம், அதனால் ஷாஃப்ட்டின் நீளமே வேறு. வெளி முனையில் ஜேகேக்கு 32 ஸ்பிளைன், உங்கள் ஹப்புக்கு (வீலை மாட்டும் மையப் பாகத்துக்கு) 27. ஹப்பையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்று தோன்றலாம். ஜேகேயின் வீல் போல்ட் வட்டம் 127 மி.மீ., உங்களுடையது 114.3 மி.மீ.; முன்னால் ஒரு வீல், பின்னால் ஒரு வீல் என்று ஆகிவிடும். பினியனும் (ஆக்ஸிலின் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) ஜேகேயில் மேலே, டிஜேயில் கீழே. ஆக, கிரவுன் பினியன் செட்டும் மாற்றிக்கொள்ள முடியாது.

ஷாஃப்ட் தேவைதான் என்றால் டிஜேக்கென்றே செய்தது, அல்லது எக்ஸ்ஜேயின் பிற்கால வண்டிகளிலிருந்து எடுத்தது பாருங்கள். அங்கும் இரண்டு பொறிகள் உண்டு. ஒய்ஜேயிலும் பழைய எக்ஸ்ஜேயிலும் வேக்யூம் டிஸ்கனெக்ட் (ஷாஃப்ட்டை நடுவில் இணைத்துப் பிரிக்கும் அமைப்பு) இருந்ததால் ஒரு பக்க ஷாஃப்ட் இரண்டு துண்டாக வரும். பழைய ஷாஃப்ட்டுகளில் யூ ஜாயின்ட்டும் (ஷாஃப்ட் வளைந்தபடியே சுழல விடும் மூட்டு) சிறிய அளவு, 260 வரிசை; உங்களுக்கு வேண்டியது 297 அல்லது 760, இவை இரண்டும் ஒரே அளவுதான். இசட்ஜே வண்டிகள் சிலவற்றில் யூ ஜாயின்ட்டே இருக்காது, சிவி ஜாயின்ட் இருக்கும். அதனால் படம் பார்த்து வாங்காதீர்கள். பழைய ஷாஃப்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து நீளம், ஸ்பிளைன் எண்ணிக்கை, ஜாயின்ட்டின் கப் விட்டம் மூன்றையும் அளந்த பிறகு பணத்தை எடுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியானால் டோன் ரிங்கையும் (சக்கர வேகத்தை சென்சார் படிக்க உதவும் பல் வளையம்) பாருங்கள்.

என்றாவது கியர் ரேஷியோவை மாற்றும் எண்ணம் வந்தால் இன்னொன்று: டேனா 30ல் 3.73க்குக் கீழே ஒரு கேரியர் (கிரவுன் சக்கரத்தைத் தாங்கும் கூடு), 3.73ம் அதற்கு மேலும் வேறு கேரியர். கியர் செட் மட்டும் வாங்கிவந்து ஹவுசிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் நிறைய. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.

இனி ஸ்டீயரிங். உங்கள் உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

பாகம் துளையில் உட்காருவது ஒன்று. பக்கத்துப் பாகத்தோடு சேர்ந்து சரியாக இயங்குவது வேறொன்று. "டைரக்ட் ஃபிட்" என்று பெட்டியில் அச்சடிப்பவர் முதலாவதற்கு மட்டும்தான் பொறுப்பேற்கிறார். இரண்டாவது உங்கள் வண்டியில் இன்னும் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அது அவருக்குத் தெரியாது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்னால் இரண்டு தடிகள் குறுக்காகச் சாய்ந்து போகும். ஒன்று பிட்மேன் ஆர்மிலிருந்து எதிர்ப்பக்க நக்கிளுக்கு (ஸ்டீயரிங்கோடு திரும்பி வீலைத் திருப்பும் பாகத்துக்கு) போகிற டிராக் லிங்க். இன்னொன்று சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகிற பான்ஹார்டு ராட். ஜீப்காரர்கள் டிராக் பார் என்பதும் இதைத்தான், குழப்பம் வராமலிருக்க நான் பான்ஹார்டு என்றே சொல்கிறேன். ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் நேராக மேலே போவதில்லை. பான்ஹார்டு ராட் அதைக் கட்டிப் பிடித்திருப்பதால் ஒரு வட்டத்தின் வில்லில் ஏறுகிறது, அதாவது கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்கிறது. டிராக் லிங்க்கின் நக்கிள் முனையும் தன் வில்லில் ஏறுகிறது. இரண்டு தடிகளும் ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால் இரண்டு வில்லும் ஒத்துப்போகும், வீல் திரும்பாது. சாய்வு மாறினால் ஆக்ஸில் ஒரு அளவு நகர, டிராக் லிங்க் வேறொரு அளவு நகரும். அந்த வித்தியாசம் நக்கிளைத் தள்ளும். நீங்கள் கையில் உணர்வது அந்தத் தள்ளலைத்தான்.

லிஃப்ட் செய்தால் இரண்டு தடிகளின் சாய்வும் கூடும். ஆனால் சேர்ந்தே கூடுவதால் இணையாகவே இருக்கும். ஆகவே 4 அங்குல லிஃப்ட் மட்டும் உங்கள் தொல்லைக்குக் காரணம் ஆகாது. யாரோ ஒரு தடியின் ஒரு முனையை மட்டும் நகர்த்தியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பல கிட்டுகளில் பான்ஹார்டு ராடின் ஆக்ஸில் முனையை உயர்த்த ஒரு பிராக்கெட் வரும். அதைப் போட்டுவிட்டு டிராக் லிங்க்கை இருந்தபடியே விட்டால் இணை கெட்டுவிடும். இதைச் சோதிக்க ஃபோனில் உள்ள ஆங்கிள் மீட்டரே போதும், ஆனால் தடியின் உடம்பில் வைத்து அளக்காதீர்கள். பான்ஹார்டு ராட் பல இடங்களில் வளைந்திருக்கும், அதன் உடம்பு எந்தச் சாய்வில் இருந்தாலும் கணக்கில்லை. ஒரு முனையின் போல்ட் மையத்துக்கும் மறு முனையின் மையத்துக்கும் நடுவே நூல் பிடித்து அந்த நூலின் சாய்வை அளக்க வேண்டும். டிராக் லிங்க்குக்கும் அப்படியே, ஸ்டட் (முனையில் நீட்டிநிற்கும் மரையாணி) மையத்திலிருந்து ஸ்டட் மையத்துக்கு. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது அளக்க வேண்டும்.

டிராப் பிட்மேன் ஆர்ம் ஏன் வேண்டாம் என்பது இப்போது புரிந்திருக்கும். அது டிராக் லிங்க்கின் மேல் முனையை மட்டும் கீழே இறக்குகிறது. நூல் பிடித்ததில் இரண்டும் இணை என்று வந்தால், அதைப் போட்டதுமே இணை கெடும். டிராக் லிங்க்கின் எந்த முனையை எவ்வளவு நகர்த்துகிறோமோ, பான்ஹார்டு ராடின் அதே முனையையும் அதே அளவு நகர்த்த வேண்டும். பிட்மேனை இறக்கினால் சேஸிஸ் பக்க மவுன்ட்டையும் இறக்கு. ஜேகேகாரர்கள் டிராக் லிங்க்கை நக்கிளின் மேல்பக்கத்துக்கு மாற்றும்போது ஆக்ஸில் பக்க மவுன்ட்டையும் உயர்த்துகிறார்களே, காரணம் இதுதான். உங்கள் வண்டியில் ஆக்ஸில் முனையில் பிராக்கெட் இருந்தால், பிட்மேன் ஆர்மை வாங்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராட் ஒன்று போடுங்கள்.

நீளம் மாற்றக்கூடியது எதற்கு என்றால், லிஃப்ட் செய்ததும் ஆக்ஸில் சேஸிஸ் மவுன்ட் இருக்கும் பக்கமாக இழுபட்டுவிடும். மையத்துக்கு மையம் 80 செ.மீ. உள்ள ஒரு தடியின் இரண்டு முனைகளுக்கும் முன்பு 5 செ.மீ. உயர வித்தியாசம் இருந்து, அது 15 ஆனால், கிடைமட்ட நீளம் 12 மி.மீ.க்கு மேல் குறைகிறது. அவ்வளவு தூரம் முன் ஆக்ஸில் ஒருபக்கம் ஒதுங்கி நிற்கும்.

டை ராடுக்கு வருவோம். இசட்ஜே வி8 டை ராட் உங்கள் வண்டிக்கு நல்ல தேர்வு. டிஜேயில் வருவது உள்ளீடற்ற குழாய், இது கெட்டியான கம்பி. கல்லில் இடித்தால் சட்டென வளையாது. டேப்பரும் (ஸ்டட்டும் அதன் துளையும் கூம்பாகக் குறுகும் விகிதம்) ஒத்துப்போகும், எந்த நக்கிளையும் குடைய வேண்டியதில்லை. விட்டம் பெரிது என்பதால் டேம்பரைப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் சேராது, அதையும் இசட்ஜே அளவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு டை ராட் எண்ட் வாங்கினால் டேப்பரைச் சோதிக்காமல் நட்டை முறுக்காதீர்கள். அதிகம் புழங்கும் டேப்பர் இரண்டு: 8 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. கூடுவது ஒன்று, 10 மி.மீ.க்கு 1 மி.மீ. கூடுவது இன்னொன்று. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1:10 ஸ்டட்டை 1:8 துளையில் விட்டால் குறுகிய முனையில் மட்டும் பிடிக்கும், அகன்ற பக்கம் இடைவெளி. நட்டை முறுக்கினால் இறுக்கமாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. ஓட ஓட ஸ்டட் உள்ளே ஆடித் துளையை நீள்வட்டமாக்கும், அல்லது கழுத்தில் விரிசல் விடும். ஸ்டட்டைத் துடைத்து, மார்க்கர் பேனாவால் நீளவாக்கில் நாலைந்து கோடு போட்டுத் துளையில் கையால் அழுத்தி ஒரு சுற்றுத் திருப்பி எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் தேய்ந்திருந்தால் சரி. ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் அது உங்கள் பாகம் இல்லை.

நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளையும் உண்மையைச் சொல்லிவிடும். முறையான டார்க்கில் முறுக்கிய பிறகு அந்தத் துளை நட்டின் பிளவுக்குள் தெரிய வேண்டும். நட்டைத் தாண்டி வெளியே நின்றால் ஸ்டட் அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டது என்று பொருள். வாஷர் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பிளவு நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கி அடுத்த பிளவுக்குக் கொண்டுபோங்கள், பின்னால் தளர்த்தாதீர்கள்.

மரையிலும் ஏமாற்று உண்டு. ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை என்பது தெரிந்ததே. 7/8 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 18 சுற்று உள்ள மரையும், எம்22 (22 மி.மீ. விட்டம்), 1.5 மி.மீ. பிட்ச் மரையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றில் மற்றொன்று இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகும். ஸ்பானர் போட்டுத் தள்ளாதீர்கள், நல்ல மரை கையாலேயே கடைசிவரை போகும். ஹைம் ஜாயின்ட் (போல்ட் நுழையத் துளையுள்ள உருண்டை மூட்டு) ஆசை இருந்தால் ஒன்று யோசியுங்கள்: அதற்கு நேர் போல்ட் வேண்டும், அதற்காக நக்கிளின் டேப்பர் துளையை நேராகக் குடைந்துவிட்டால் பழைய எண்டுக்குத் திரும்ப வழியில்லை.

டிஜேயின் ஸ்டீயரிங்கில் டை ராடின் ஒரு முனை டிராக் லிங்க்கில்தான் மாட்டியிருக்கும், நக்கிளுக்கு நக்கிள் நேராகப் போகாது. அதனால் வண்டியின் உயரம் மாறினாலே டோ (மேலிருந்து பார்த்தால் முன் வீல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். எல்லாம் மாட்டி முடித்து, வண்டி தரையில் நின்ற பிறகு டை ராடில் டோவை வையுங்கள், அதற்குப் பிறகு டிராக் லிங்க்கின் ஸ்லீவைத் திருப்பி ஸ்டீயரிங் வீலை நேராக்குங்கள். வரிசை மாறினால் இரண்டு வேலையும் மறுபடி செய்ய வேண்டிவரும். காஸ்டரையும் (வீல் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி அளவு 7 டிகிரிக்குப் பக்கத்தில், லிஃப்ட் அதைக் குறைத்திருக்கும். ரோட்டுக்கு எடுக்குமுன் ஆக்ஸில் முழுதாகத் தொங்கும் நிலையிலும், ஒரு பக்கம் ஜாக்கியில் முழுதாக அமுங்கிய நிலையிலும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பான்ஹார்டு ராட் டிஃபரென்ஷியல் கவரில் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, எந்த ஜாயின்ட்டாவது சாய்வின் எல்லையில் போய் முட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசியாக அந்த டேம்பர். குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் உதறுவதற்கு எங்கோ ஒரு தளர்வு காரணம். இரண்டாவது டேம்பர் அதைக் கொஞ்ச நாள் மறைக்கும், அதற்குள் தளர்வு பெரிதாகும். டயர் தரையில் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். முதல் சந்தேகம் பான்ஹார்டு ராடின் இரண்டு முனைகள் மீது இருக்கட்டும், அங்கே போல்ட் துளை நீண்டிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. அடுத்து பால் ஜாயின்ட், ஹப் பேரிங், கன்ட்ரோல் ஆர்ம் புஷ். 33 அங்குல டயரின் பேலன்சையும் சேர்த்துப் பாருங்கள், உதறலைத் தொடங்கிவைப்பது பல சமயம் அதுதான். தளர்வெல்லாம் தீர்ந்த பிறகும் கல் பாதையில் ஸ்டீயரிங் கையை உதைத்தால், இருக்கிற டேம்பர் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள், ஒன்று போதும்.