மும்பை மாட்டுங்காவில் மழைக்காலத்தில் 1/24 (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) கார் மாடலுக்கு அடித்த பெயின்ட் ஏன் வெளுக்கிறது? கார் ஏன் பொம்மை மாதிரி தெரிகிறது?

ஜூலையில் ஸ்ப்ரே கேனை எடுத்தால் மும்பையில் அப்படித்தான் ஆகும். சீக்கிரம் காயும் லாக்கர் பெயின்டின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் அதில் படிந்து பால் மாதிரி பூத்துவிடும். மழை விட்டு நன்றாகக் காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். ஏற்கெனவே பூத்திருந்தால், ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மெல்லிசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சரி, பொம்மைத் தோற்றம்? தடிமன்தான் முதல் எதிரி. 1/24 அளவில் 0.1 மி.மீ. பெயின்ட் என்பது நிஜக் காரில் 2.4 மி.மீ. பூச்சு! கதவு இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். பிரைமருக்கு (அடிப்பூச்சு) முன்பே அந்த இடுக்குக் கோடுகளை ஸ்கிரைபரால் (கீறும் கூர்முனைக் கருவி) கொஞ்சம் ஆழமாக்குங்கள். கடைசியில் நீர்த்த கரும்பழுப்பு பெயின்டை அதில் ஓடவிடுங்கள். வெள்ளைக் காருக்குச் சாம்பல் நிறம் போதும், கறுப்பு விட்டால் கார்ட்டூன்தான். அப்புறம் டயர்: தரையில் படும் பகுதியை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.