தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுப் பயிற்சி: கைபேசிச் செயலியிடம் எதை ஒப்படைக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 56. வலது தோளில் கிழிந்திருந்த தசைநாணைத் துளைவழி அறுவை சிகிச்சையில் தைத்து நான்கு வாரங்கள் ஆகின்றன. கை இன்னும் ஸ்லிங்கில் இருக்கிறது. ஊசல் பயிற்சி, முழங்கை மணிக்கட்டு அசைவுகள், படுத்துக்கொண்டு இடது கையால் வலது கையைத் தூக்குவது ஆகிய மூன்றை இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடிகிறது. இடையில் உதவட்டும் என்று என் மகள் கைபேசியில் ஒரு பயிற்சிச் செயலியை ஏற்றித் தந்தாள். கேமரா முன் செய்தால் அது எண்ணிக்கை சொல்கிறது, கோணத்தைக் காட்டுகிறது. ஒரு வாரம் தவறாமல் செய்ததால் இப்போது ‘அடுத்த நிலைக்குச் செல்லலாம்’ என்கிறது. வலியும் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதன் சொல்படி முன்னேறலாமா?

பதில்: இப்போதைக்குச் செல்ல வேண்டாம். அதற்காகச் செயலியை நீக்கிவிடவும் வேண்டாம். நேரத்தை நினைவூட்டவும், எண்ணவும், அன்றாட நிலையைக் குறித்து வைக்கவும் அதற்கு வேலை கொடுங்கள். எந்தப் பயிற்சி, எவ்வளவு தூரம், எப்போது அடுத்த கட்டம் என்ற முடிவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். அந்த முடிவுக்குத் தேவையான தகவல் எதுவும் அதனிடம் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைச் சற்றே கவலைப்படுத்திய வரி, வலி குறைந்துவிட்டது என்பதுதான். தோள்மூட்டின் பந்தை நான்கு தசைகளின் நாண்கள் ஓர் உறைபோலப் பற்றியிருக்கின்றன. அவற்றில் கிழிந்ததை அறுவை மருத்துவர் எலும்போடு சேர்த்துத் தைக்கும்போது, முதல் சில வாரங்களுக்கு அதைப் பிடித்துவைத்திருப்பது தையல் நூலும் எலும்பில் பதித்த நங்கூரங்களுமே தவிர, உடலின் சொந்தத் திசு அன்று. நாண் எலும்போடு ஒட்டி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அறுவையால் ஏற்பட்ட வீக்கமும் அழற்சியும் அதற்கு வெகு முன்பாகவே தணிந்துவிடுவதால், நான்காவது ஐந்தாவது வாரத்தில் பலருக்கும் தோள் குணமாகிவிட்டது போன்ற ஓர் உணர்வு வந்துவிடுகிறது. தைத்த இடம் மீண்டும் விட்டுப்போவது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் நிகழ்வதற்கு, இந்தக் கட்டத்தில் கையை அவசரப்பட்டுப் பயன்படுத்திவிடுவதும் ஒரு காரணம். உடற்பயிற்சிச் செயலிகள் பொதுவாக ‘எளிதாக இருக்கிறதா, அப்படியானால் கூட்டு’ என்ற கணக்கில் நகர்பவை. நல்ல நிலையிலுள்ள தசைக்கு அது சரியான கணக்கு. புதிதாகத் தைத்த நாணுக்குப் பொருந்தாத கணக்கு.

வழக்கமான கால அட்டவணை என்று ஒன்றைச் சொல்வதானால், முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஸ்லிங்கும் மறு கையின் அல்லது பிறர் உதவியால் அசைக்கும் பயிற்சிகளும், அதன்பின் மெல்ல மெல்லச் சொந்த பலத்தில் கையைத் தூக்குவதும், ஏறத்தாழ 12 வாரங்களுக்குப் பிறகு எடையோ ரப்பர் பட்டையோ கொண்டு வலுவூட்டுவதும் என அமையும். இது தோராயமே. கிழிசல் பெரியதாகவோ நாணின் தரம் மோசமாகவோ இருந்திருந்தால் இதே கட்டங்கள் பல வாரங்கள் தள்ளிப்போகும். அந்த விவரம் அறுவை அறிக்கையில்தான் இருக்கிறது.

‘தோள் அறுவைக்குப் பின் செய்ய வேண்டிய பயிற்சிகள்’ என்ற பொதுத் தலைப்பில் வரும் காணொளிகளை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். இருதலைத் தசையின் (மேற்கையின் முன்புறத் தசை) நாணையும் சேர்த்துப் பொருத்தியிருந்தால், முழங்கையைச் சொந்த பலத்தில் மடக்குவதற்கே சில வாரங்கள் தடை இருக்கலாம். உங்களுக்கு முழங்கை அசைவு எழுதித் தரப்பட்டிருக்கிறது, இன்னொருவருக்கு அதுவே கெடுதல். தலைகீழ் அமைப்பிலான (பந்தும் கிண்ணமும் இடம் மாறிய) செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதையும், நாற்காலியில் கையை ஊன்றி எழுவதையும் தொடக்க மாதங்களில் தவிர்க்க வேண்டும். மூட்டு நழுவும் கோளாறுக்காகத் தைக்கப்பட்டவரோ கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வெளிப்புறம் திருப்பக் கூடாது. மூவருமே ‘தோள் அறுவை’ என்றுதான் தேடுவார்கள், ஒரே காணொளிதான் மூவருக்கும் வந்து நிற்கும்.

இனி, கேமராவால் எதைப் பார்க்க முடியும் என்பதற்கு வருவோம். கை மேலே போவதை அது பார்க்கிறது; கையை யார் தூக்கினார்கள் என்பதை அதனால் பார்க்க முடியாது. இடது கை சுமையைத் தாங்க வலது கை சும்மா உடன்செல்வதும், இடது கை பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்க வலது தோளே வேலை செய்வதும் திரையில் ஒரே படம், ஒரே கோணம், ஒரே பாராட்டு. நான்காவது வாரத்தில் இருக்கும் உங்களுக்கோ இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடுதான் பயிற்சியின் முழு நோக்கமும். ஊசல் பயிற்சியிலும் இதே சிக்கல் உண்டு. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கயிறுபோல் தொங்கவிட்டு, இடுப்பையும் உடலையும் லேசாக ஆட்ட, அந்த ஆட்டத்தில் கை தானாகச் சுழல வேண்டும். பலரும் உடலை அசைக்காமல் தோளால் கையைச் சுழற்றுகிறார்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாகத் தோள் தசைகள் கூடுதலாக வேலை செய்கின்றன. செயலி பெரிய வட்டத்தை முன்னேற்றம் என்று கணக்கிட்டால், அது உங்களைத் தவறான திசையில் உற்சாகப்படுத்துகிறது என்று பொருள்.

கைபேசியை இங்கே வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அதைப் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் சாய்த்துவைத்து, அரை நிமிடம் ஊசல் பயிற்சி செய்வதைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, முதலில் அசைவது இடுப்பா கையா என்று மட்டும் பாருங்கள். உடலை நிறுத்திய பின் கையின் ஆட்டம் தானாகத் தேய்ந்து அடங்க வேண்டும். உடனே நின்றுவிட்டால், ஆட்டியதும் நிறுத்தியதும் தோள்தான். எந்தச் செயலியின் மதிப்பெண்ணையும்விட இந்த அரை நிமிடப் பதிவு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கோணத்தைப் பற்றி. கேமரா காட்டும் எண்ணை நீங்கள் நிற்கும் திசை, தளர்வான சட்டை, அறையின் வெளிச்சம் ஆகிய மூன்றுமே மாற்றிவிடும். அதைவிட முக்கியமாக, தோள் பட்டையைக் காதை நோக்கி உயர்த்தியும் முதுகைப் பின்னால் வளைத்தும் நாம் நம்மை அறியாமலே சில பத்து டிகிரிகளைச் சம்பாதித்துவிடுகிறோம். இயல்பான தோளிலேயே கையை முழுமையாக உயர்த்துவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பின் நகர்வால் வருவது. மூட்டு இறுகியிருக்கும்போது அந்தப் பங்கு கூடிவிடுகிறது. மூட்டு திறக்காமலே எண் உயர்வதற்கு வழி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அளந்தே ஆக வேண்டும் என்றால், கைபேசியில் உள்ள சாய்வு காட்டும் வசதி கேமராவைவிட நம்பகமானது. ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. அது புவியீர்ப்பைக் கொண்டு சாய்வை அறிகிறது. ஆகவே மல்லாந்து படுத்திருக்கும்போது வீட்டில் ஒருவர் கைபேசியை உங்கள் மேற்கையின் நீளவாக்கில் ஒட்டிப் பிடித்தால், கை உயரும் அளவு ஓரளவு சரியாகத் தெரியும். நின்றுகொண்டு முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்புறம் திருப்பும் அளவை இதனால் அறிய இயலாது; முன்கை தரைக்கு இணையாகவே சுழல்வதால் ஈர்ப்பின் திசையில் எந்த மாற்றமும் இல்லை, எண் அசையாது. அதே அசைவைப் படுத்துக்கொண்டு, முழங்கையை மடக்கி முன்கை கூரையைப் பார்க்க வைத்துச் செய்தால் கருவி சரியாகக் காட்டும். (இந்தத் திருப்பல் உங்கள் பட்டியலில் இல்லை; மருத்துவர் சேர்க்கும்வரை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.) வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளந்தால் போதும். ஐந்து முதல் பத்து டிகிரி வரையான ஏற்ற இறக்கத்தை அளவீட்டுப் பிழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதித்த எல்லை 90 டிகிரி என்றால், 95 வந்ததற்காக மகிழ வேண்டியதில்லை. அது அளவீட்டுப் பிழையாகவோ எல்லை மீறலாகவோதான் இருக்கும்.

கருவிகள் உண்மையில் பெரிதாகக் கைகொடுப்பது நினைவு விஷயத்தில். வீட்டுப் பயிற்சி தவறிப்போவது சோம்பலால் மட்டும் அன்று. எத்தனை முறை, எந்த முறையில் என்பது விரைவில் மங்கிவிடுவதாலும்தான். அடுத்த சந்திப்பில் இயன்முறை மருத்துவரின் அனுமதி பெற்று, அவர் உங்கள் கையைப் பிடித்துச் செய்ய வைப்பதை ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு நிமிடம் அளவில் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘இதோடு நிறுத்துங்கள்’ என்று அவர் சொல்லும் குரல் அதில் இருக்கட்டும். உங்கள் உடல், உங்கள் எல்லை, உங்கள் மருத்துவரின் குரல் ஆகியவை ஒருங்கே அமைந்த காணொளி வேறெங்கும் கிடைக்காது. முன்பக்கக் கேமரா இடம் வலம் மாற்றிக் காட்டும் என்பதால் பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். கட்டம் மாறியதும் பழைய காணொளிகளை வேறு கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முடிந்துபோன பயிற்சியையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருக்க நேரும்.

அலாரத்துக்குப் ‘பயிற்சி’ என்று பொதுவாகப் பெயரிடாமல், ‘ஊசல், 2 நிமிடம், சிறிய வட்டம்’ என்பதுபோல எழுதியதை எழுதியபடியே வையுங்கள். வலி மாத்திரை இன்னும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், அதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சி வருமாறு அமைப்பது நல்லது. தினமும் உறங்கும் முன் வலிக்கு பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண், நேற்றிரவு வலி உறக்கத்தைக் கலைத்ததா, எத்தனை வேளை செய்தீர்கள் ஆகிய மூன்றை மட்டும் குறித்துவாருங்கள். பத்துக் கேள்வி கேட்கும் நாட்குறிப்பு இரண்டு வாரம் தாங்காது. பயிற்சியின்போது எழும் வலி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் கவலையில்லை. இரவில் எழுப்பினாலோ மறுநாள் காலையிலும் நீடித்தாலோ முந்தைய நாளின் அளவு அதிகம் என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிட்டு, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இரண்டு வாரம் என்ற இடைவெளி உங்களுக்கு நீளமாகத் தோன்றினால், நடுவில் பத்து நிமிடக் காணொளி அழைப்புக்கு வாய்ப்புண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேமரா தோள் உயரத்தில் இருக்கட்டும். ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி, கையில்லாத உடையில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுமாறு இருங்கள். முன்புறமாக ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் செய்து காட்டுங்கள். மூட்டின் இறுக்கத்தைக் கையால் தொட்டு உணர்வதற்குத் திரை ஈடாகாது, ஆனால் தவறான முறையைத் திருத்தத் திரை போதும்.

செயலியில் உள்ள பதக்கம், தொடர்நாள் கணக்கு, பிறரோடு ஒப்பிடும் பட்டியல் ஆகியவற்றை இன்றே அணைத்துவிடுங்கள். ஓய்வு எடுக்கச் சொன்ன நாளில் கணக்கு அறுந்துவிடுமே என்பதற்காகப் பயிற்சி செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்மார்ட் வாட்ச் அணிவதானால் இடது கையில் அணியுங்கள். வலக் கையில் வீக்கம் இருக்கும்போது பட்டை இறுக்கும். உங்கள் காணொளிகளைச் செயலி வெளியே அனுப்புகிறதா என்பதை அனுமதிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் தேவையே.

காய்ச்சல், தையல் துளைகளில் கசிவோ பரவும் சிவப்போ, திடீரென ‘டப்’ என்ற உணர்வோடு வலியும் பலவீனமும், விரல்களில் புதிதாக மரத்துப்போதல் அல்லது நிறமாற்றம், கையிலோ கெண்டைக்காலிலோ கூடிக்கொண்டே போகும் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் செயலியில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அறுவை செய்த மருத்துவரை அன்றே அழையுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஆறாவது வார சந்திப்புக்குச் செல்லும்போது அறுவை அறிக்கையின் பிரதியையும் உங்கள் குறிப்புகளையும் அந்த ஊசல் பதிவையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்லிங்கை எப்போது கழற்றலாம், எந்தெந்த அசைவுக்கு என்ன எல்லை, சொந்த பலத்தில் கையைத் தூக்க எந்தத் தேதியிலிருந்து அனுமதி என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயலியில் பயிற்சித் திட்டத்தைக் கையால் மாற்றும் வசதி இருந்தால், அதன் ‘அடுத்த நிலை’யை நீக்கிவிட்டு அந்தத் தேதியையும் எல்லைகளையும் உங்கள் மகளை விட்டு உள்ளிடச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், சாதாரண அலாரமும் குறிப்பேடும் உங்களுக்குப் போதும்.