அவள் கடலைப் பார்க்கிறாளா?

அன்புள்ள அக்கா,

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பெண்களை வரைகிற விதத்தைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை வாசித்தேன். வாசித்தபோது கோபம்தான் வந்தது. நான் உப்புவெளியில் இருக்கிறேன், வயது இருபத்தொன்று, ஏ.எல். படிக்கும்போது சித்திரம் எடுத்தவன், காமிக்ஸைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகினது. பெண் பாத்திரங்களை ஆட்களாக நினைத்து வரையாமல் பார்வைக்கு வைக்கிற பொருளாக வரைகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆண்களை மட்டும் என்ன, இயல்பாகவா வரைகிறார்கள்? சூப்பர்மேனின் நெஞ்சும் பேட்மேனின் புயமும் எந்த மனிதனுக்கு இருக்கிறது? அவர்களும் தோலோடு ஒட்டின உடுப்புத்தானே போடுகிறார்கள். இன்னொன்று, எங்கள் கோவில் சிலைகளில் அம்மன் மேலாடை இல்லாமல் நிற்கிறாள், கும்பிடுகிறோம். காமிக்ஸில் வந்தால் மட்டும் ஆபாசமா? கடைசியில் நீங்களும் பெண்களின் உடுப்பை அளக்கிற ஆட்களோடு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று எனக்குப் பட்டது.

நானும் ஒரு கதை வரைகிறேன். கதாநாயகி திருகோணமலை மீனவப் பெண், கடலுக்குள் மூச்சு விடுவாள். முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், உப்புவெளி

*

அன்புள்ள தம்பி,

கோபத்தோடு எழுதினாலும் படத்தையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோணேசர் கோவில் நிற்கிற சுவாமி மலையை நீங்கள் புகைப்படம் பார்த்து வரையவில்லை, அங்கே போய் இருந்து பார்த்து வரைந்திருக்கிறீர்கள், அது தெரிகிறது. இராவணன் வெட்டின் பிளவு, கீழே பாறையில் அடித்து நுரைக்கிற தண்ணீர், பிள்ளை வரம் கேட்டு மரக்கிளையில் கட்டிய சின்னத் தொட்டில்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன. அந்தத் தொட்டில்களில் ஒன்று மட்டும் காற்றில் திரும்பியிருப்பதைக்கூட விடவில்லை. இவ்வளவு கவனமான கண் உங்களுக்கு இருக்கிறது. அதே பக்கத்தில் உங்கள் கதாநாயகி நிற்கிறாள், மேலே "கடலில் ஏதோ கறுப்பாக அசைந்தது. அவள் உற்றுப் பார்த்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடல் அவளுக்குப் பின்னால் கிடக்கிறது. முகம் எங்கள் பக்கம், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, நெஞ்சும் எங்கள் பக்கம், இடுப்புக்குக் கீழே உடம்பு மற்றப் பக்கம் திரும்பிப் பின்பக்கமும் எங்களுக்கே தெரிகிறது. அவள் கடலைப் பார்க்கிறாளா, எங்களைப் பார்க்கிறாளா? கறுப்பாக அசைந்தது என்ன என்று அறிய எனக்கும் ஆசைதான், ஆனால் அதைப் பற்றி அவளுக்கே அக்கறை இல்லாதபோது எனக்கு எப்படி வரும்?

சனிக்கிழமைகளில் என்னிடம் சித்திரம் பழக வருகிற பிள்ளைகளிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் அந்தப் படத்தைக் காட்டி, இப்படி நின்று பாருங்கள் என்றேன். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி முயன்று பார்த்தாள். நெஞ்சைத் திருப்பினால் கால் தடுமாறுகிறது, காலை ஊன்றினால் நெஞ்சு திரும்பவில்லை, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், முதுகு நோகுது" என்றாள். தனக்கு முதுகு சரியில்லையோ என்று அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அதை நான் மறக்கவில்லை.

இது நீங்கள் கண்டுபிடித்த நிலையும் இல்லை. 1990களின் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இது அவ்வளவு பெருகி, முதுகெலும்பு முறிந்த நிலை என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. 2012இல் இணையத்தில் பல ஓவியர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள்: அட்டைகளில் பெண்கள் நிற்கிற அதே நிலைகளில் ஹாக்ஐ என்கிற வில்லாளி ஆணை நிற்கவைத்து வரைந்தார்கள். ஆண்களையும் இப்படித்தானே வரைகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு அந்தப் படங்களே பதில். ஒரு கோடு மாறவில்லை, ஆள் மட்டும்தான் மாறினான், உடனே அந்த நிலை சண்டைக்கு உதவாது என்று பார்க்கிற எவருக்கும் விளங்கிவிட்டது. பெண்ணில் பார்க்கும்போது அது ஏன் விளங்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

சூப்பர்மேனின் நெஞ்சு மிகை என்பது உண்மை. 1938இல் அவன் வந்தபோது அவன் உடுப்புக்கு முன்மாதிரி சர்க்கஸில் பாரம் தூக்குகிற பலசாலிகளின் உடுப்பு. அந்த உடம்பு அவன் செய்யப்போகிற வேலையைச் சொல்கிறது, வாசிக்கிற பெடியன் அவனைப்போல ஆக ஆசைப்படுகிறான். 1976இல் வந்த பவர் கேர்ளுக்கும் அதே பலம்தான், அவளும் சூப்பர்மேன் பிறந்த கிரிப்டன் கிரகத்துக்காரி, கட்டடத்தைத் தூக்குவாள். ஆனால் அவள் உடுப்பில் நெஞ்சுக்கு நடுவே ஒரு ஓட்டை. வெகுகாலத்துக்குப் பிறகு அதற்கும் ஒரு காரணம் எழுதினார்கள், சூப்பர்மேனுக்கு இருப்பதுபோல ஒரு சின்னம் அவளுக்குக் கிடைக்கவில்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று. கதையாகப் பார்த்தால் சோகமான காரணம்தான். ஆனால் ஓட்டை முதலில் வந்தது, காரணம் பிறகு தேடப்பட்டது. மிகை இரண்டு பேருக்கும் உண்டு, யாருக்காக மிகை என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

அப்புறம் கோவில் சிலை. நீங்கள் இதைக் கேட்டது எனக்கு உண்மையில் சந்தோஷம். போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்த காலத்தில் மண்ணுக்குள் போன வெண்கலச் சிலைகள் சில 1950இல் எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன, தெரிந்திருக்கும். அவற்றில் பார்வதியும் ஒன்று. வெண்கலப் பார்வதிகளை ஓவியக்காரனின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். மூன்று இடத்தில் வளைகிற உடம்பு, திரிபங்கம். பாரம் ஒரு காலில் இறங்குகிறது, அந்தப் பக்கத்து இடுப்பு ஏறுகிறது, தோள் சாய்ந்து அதைச் சமன் செய்கிறது, தலை மெல்ல மற்றப் பக்கம் போகிறது. உங்கள் கதாநாயகியை விட அவள் உடம்பில் துணி குறைவு, வளைவும் குறைவில்லை. ஆனாலும் அவள் நிற்கிறாள். அவள் கால் பீடத்தை அழுத்துகிறது. அந்த வளைவு அவளுடைய பாரத்திலிருந்து வருகிறது. நீங்களே போய் அப்படி நின்று பார்க்கலாம், முதுகு நோகாது.

ஆகவே துணியை அளக்கிற ஆட்களோடு என்னைச் சேர்க்காதீர்கள், தம்பி. துணியால் இது தீராது என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்தவள். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ச் சித்திரக்கதைகளை அண்ணா ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார் (90இல் இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டி போய்விட்டது, வீடு போனதை விட அதற்காகத்தான் அவர் அதிகம் கவலைப்பட்டார்). அவற்றில் சில பக்கங்களில் வெளிநாட்டுக் கதாநாயகியின் தோளிலும் நெஞ்சிலும் யாரோ கறுப்பு மையால் சட்டை பூசியிருந்தார்கள். மை பூசின இடத்தைத்தான் எங்கள் கண் முதலில் தேடியது. மறைத்ததால் அவள் ஆளாகவில்லை, அங்கே ஒளிக்க ஏதோ இருக்கிறது என்பதை மட்டும் நாங்கள் படித்துக்கொண்டோம்.

அமெரிக்காவிலும் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற சத்தம் செனட் விசாரணை வரை போய், 1954இல் பதிப்பாளர்களே சேர்ந்து ஒரு ஒழுக்க விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள். பெண்களை உடற்கூறு எதையும் மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று அதில் எழுத்திலேயே இருந்தது. சரி, வரைந்தார்கள். பிறகு வந்த நாயகிகள் எப்படி இருந்தார்கள்? 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர்ஹீரோ குழுவின் கதை தொடங்குகிறது, நாலு பேரில் ஒரேயொரு பெண் சூ ஸ்டோர்ம், அவளுக்குக் கொடுத்த சக்தி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவது. பெயர் இன்விசிபிள் கேர்ள். கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்று, 1985இல்தான் அந்தப் பெயரில் இருந்த 'கேர்ள்' 'வுமன்' ஆனது. உடுப்பு ஒழுங்காக இருந்தது. அவளுடைய கதை மற்றவர்களுடைய கதைக்குப் பின்னால் இருந்தது.

இதில் எல்லாம் கறுப்பு வெள்ளையாக இல்லை என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன். வொண்டர் வுமனை 1941இல் உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன் ஒரு உளவியலாளர், பெண்பிள்ளைகளுக்குப் பலமுள்ள ஒருத்தி வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியவர். வரைந்த எச். ஜி. பீட்டர் பெண்கள் வாக்குரிமைக்காகக் கேலிச்சித்திரம் போட்டவர். அந்தக் கதைகளில் அவள்தான் சண்டை போடுகிறாள், படைவீரனான ஆணை அவள்தான் காப்பாற்றுகிறாள். அதே கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் அவளைச் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள், அதை அந்தக் காலத்திலேயே பதிப்பகத்துக்குள் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அவளைப் பெண்களுக்கான கௌரவத் தூதுவராக அறிவித்தது, ஐ.நா. ஊழியர்களே எதிர்த்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள், டிசம்பரில் அந்தப் பொறுப்பு முடிந்துபோனது. அவளை எனக்குப் பிடிக்கும். எதிர்த்தவர்கள் சொன்னதும் எனக்கு விளங்குகிறது. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

2014இல் ஸ்பைடர் வுமனின் முதல் இதழுக்கு மிலோ மனாரா வரைந்த அட்டையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பாலியல் சித்திரக்கதைகளுக்குப் பேர்போன இத்தாலிய ஓவியர் அவர். அவள் மொட்டைமாடி விளிம்பில் ஏறுகிறாள், பின்பக்கம் தூக்கி நிற்கிறது. ஸ்பைடர்மேனும் இப்படித்தானே குந்துகிறான் என்று அப்போதும் கேட்டார்கள். குந்துகிறான், ஆனால் பாயப்போகிறவன் குந்துகிற மாதிரி.

உடம்பைப் பார்வைக்கு வைப்பதும் அந்த உடம்பை உடைப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள் என்று நினைக்கிறேன். 1988இல் வந்த ஒரு பேட்மேன் கதையில் வில்லன் ஜோக்கர், பேட்கேர்ளாக இருந்த பார்பரா கோர்டனைச் சுடுகிறான், உடுப்பைக் களைந்து படம் எடுக்கிறான், அவளுடைய வேதனைக்காக இல்லை, அவள் அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காக. 1994இல் கிரீன் லேண்டர்ன் என்ற சூப்பர்ஹீரோவின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்கள். 1999இல் கெயில் சிமோன் என்ற வாசகி இப்படிச் சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பெயர்களைப் பட்டியலாக இட்டபோது அது நீண்டுகொண்டே போனது. பின்னாளில் அவரே பேட்கேர்ள் கதைகளை எழுத வந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், என் வகுப்பில் நன்றாக வரைகிற ஒரு பிள்ளை இருந்தாள். கை அவ்வளவு உறுதி. ஒரு வருடம் முழுக்க ஆண் வீரர்களை மட்டும் வரைந்தாள். ஏன் பெண்களை வரைவதில்லை என்று கேட்டேன். "பெட்டையள வரைஞ்சா அப்பிடித்தானே வரையோணும் மிஸ், எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள். தம்பி, அவள் தன்னுடைய உடம்பைத் தானே வரைய முடியாமல் இருந்தாள். நீங்கள் கேட்ட கலைச் சுதந்திரம் அவளுக்கும் வேண்டும்.

பிறகு ஒருநாள் கிண்ணியாவிலிருந்து வருகிற இன்னொரு பிள்ளை கைபேசியில் மிஸ் மார்வெலைக் கொண்டுவந்து காட்டினாள், 2014இல் தனி இதழாகத் தொடங்கிய கமலா கான், பாகிஸ்தானிய அமெரிக்க முஸ்லிம் பிள்ளை. உடுப்பு, உடம்பை மூடுகிற நீச்சலுடையான புர்கினி மாதிரி, கழுத்தில் நீளமான சால்வை. அது எங்கட ஆக்களின் உடுப்பு மாதிரி இருக்கிறது என்று கிண்ணியாப் பிள்ளை சந்தோஷப்பட்டாள். எனக்கு வேறொன்று பிடித்தது. கமலாவின் உடம்பும் மிகையாகிறது, ஆனால் பெரிதாவது அவள் கை, ஆளை விடப் பெரிய முஷ்டி. வெட்கப்பட்ட பிள்ளை அந்த முஷ்டியைத்தான் முதலில் வரைந்தாள்.

இனி உங்கள் பக்கம். உடுப்பை மாற்றச் சொல்லவில்லை. கடலுக்குள் நீந்துகிறவளுக்கு இறுக்கமான உடுப்புத்தான் வேண்டும், கையில்லாச் சட்டையும் இருக்கட்டும். காலை ஊன்ற வையுங்கள். ஒருநாள் விடியற்காலை கரைக்குப் போய் கருவாடு காயப்போடுகிற பெண்கள் நிமிரும்போது எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள், கை நாரியில் போகும், பாரம் குதிக்காலில் இறங்கும், வெயிலுக்குக் கண் சுருங்கும். அவளும் அந்த வேலை செய்த உடம்புதானே, தோளும் முன்கையும் நீங்கள் வரைந்ததை விட உரமாக இருக்கும். அவளைக் கடல் பக்கம் திருப்புங்கள். முதுகுதான் எங்களுக்குத் தெரியும் என்றால் முதுகு தெரியட்டும், தோள் ஒரு பக்கம் இறுகியிருந்தாலே அவள் எதையோ கண்டுவிட்டாள் என்று வாசிக்கிறவருக்கு விளங்கும். தொட்டில்களை அப்படியே விடுங்கள்.

திருத்தினதையும் இரண்டாம் பக்கத்தையும் அனுப்புங்கள். அந்தக் கறுப்பு என்ன என்று தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா
திருகோணமலை