குளச்சலில் 35 ஆயிரத்துக்கு வரும் 1996 மாருதி 800

குளச்சலில் இரண்டு வருடமாக ஓடாமல் வெளியே கிடக்கும் 1996 மாருதி 800-ஐ 35 ஆயிரத்துக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி, கையில் மொத்தமே 50 ஆயிரம்தான் என்கிறீர்களே. இஞ்சின் ஓடாதது பெரிய விஷயம் இல்லை, அந்த 796 சிசி இஞ்சினுக்குச் சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார்கள். பயம் துருதான். இரண்டு வருடம் கடற்கரையோரம் வெளியே கிடந்த வண்டி என்றால் உப்புக்காற்று வண்டியின் அடிப்பக்கத் தகரத்தைத் தின்றிருக்கும், விலை இவ்வளவு இறங்கியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

போய்ப் பார்க்கும்போது ஒரு காந்தமும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு போங்கள். கால்மிதியைத் தூக்கிவிட்டு, கீழே உள்ள தகரத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள், 'டங்' என்று கேட்டால் சரி, மொத்தையாகக் கேட்டாலோ பொடி உதிர்ந்தாலோ தகரம் போய்விட்டது. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் காந்தம் ஒட்டவில்லை என்றால், துருப்பிடித்த இடத்தை மறைக்க உள்ளே பட்டி என்ற பூச்சை அடைத்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்து, முன்சக்கர சஸ்பென்ஷன் பாடியில் பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே துரு என்றால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள், டிங்கர் வேலைக்கே வண்டி விலையைத் தாண்டிவிடும்.

தகரம் நன்றாக இருந்தாலும் ஆர்சியை (வண்டியின் பதிவுச் சான்று) பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் பதிவைப் புதுப்பித்துத் தருவார்கள், வண்டி ஓடும் நிலையில் ஆய்வுக்குப் போக வேண்டும். அப்புறம், நம்பர் கேரளாவுடையது என்றால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரியும் கட்ட வேண்டிவரும், அதை விற்பவரே முடித்துத் தரட்டும்.