மறு: மாநில வாரி நிதி பத்தி எம்பி கேட்ட 14வது ஸ்டார் கேள்விக்கு மந்திரி பதில் சொன்ன வீடியோ எங்கயுமே இல்லையே?

பதில் இருக்கு, ஆனா எழுத்துல, வீடியோல தேடினா கிடைக்காது. மக்களவைல ஒரு நாளைக்கு ஸ்டார் கேள்வி, அதாவது மந்திரி அவைலயே வாயால பதில் சொல்ல வேண்டிய கேள்வி, 20 லிஸ்ட் ஆகும், கேள்வி நேரமோ 11ல இருந்து 12 வரைக்கும்தான், துணைக் கேள்வி மேல துணைக் கேள்வின்னு இழுத்துட்டு பல நாள் பாதியைக்கூட தாண்டாது. 14ன்னா அநேகமா டர்ன் வந்திருக்காது, அப்போ பதிலை எழுத்துல அவை மேசைல வெச்சதா எடுத்துப்பாங்க.

சன்சத் டாட் இன் சைட்ல மக்களவை கேள்விகள் பகுதிக்கு போய் தேதி, அமைச்சகம் போட்டு பிடிஎஃப் எடுங்க. முதல் பக்கத்தோட நிறுத்திடாதீங்க, நீங்க கேக்கற மாநில வாரி நிதிக் கணக்கு பெரும்பாலும் கடைசில இணைப்புப் பக்கங்கள்லதான் ஒளிஞ்சிருக்கும்.

"தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்"னு மட்டும் போட்டிருந்தா அது வெறும் வாக்குறுதி. 3 மாசத்துல நிறைவேத்தணும், கவனிக்க தனி கமிட்டியே இருக்கு, ஆனா டைம் நீட்டிக் கேக்கறது சகஜம்.