ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி கிரேடு: ப்ரீ-மெட் மாணவர் அதே கோர்ஸைத் திரும்ப எடுக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மெடிக்கல் ஸ்கூல் போகத் திட்டம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் செமஸ்டரில் சி வந்துவிட்டது. திரும்ப எடுப்பதா, மேலே போவதா, மருத்துவத்தையே விட்டுவிடுவதா?

விட வேண்டியதில்லை. வந்தது சி என்றால் திரும்ப எடுக்கவும் வேண்டாம். சி மைனஸ் அல்லது அதற்கும் கீழே என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பல மெடிக்கல் ஸ்கூல்கள் முன்தேவைப் பாடங்களில் குறைந்தது சி இருக்க வேண்டும் என்கின்றன. ஆர்கானிக் இரண்டாம் பகுதியில் உட்காரவே அதைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் கிரேடு பட்டியலில்) அந்த மைனஸ் குறி இருக்கிறதா இல்லையா என்று முதலில் பாருங்கள்.

சி-யை ஏன் திரும்ப எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கணக்கு. பல கல்லூரிகளில் ஒரு கோர்ஸைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் ஜி.பி.ஏ.வில் (கிரேடுகளின் சராசரியில்) சேர்ப்பார்கள். எம்.டி. பட்டம் தரும் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் அப்படிச் செய்வதில்லை. எத்தனை முறை எடுத்தாலும் எல்லா முறையும் சேரும். ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் டி.ஓ. ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பமான ஆகோமாஸில் முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை 2017-இல் போய்விட்டது. பழைய ஆலோசனைகளைப் படித்துவிட்டு இன்றும் அதை நம்பித் திரும்ப எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஓர் அறிவியல் ஜி.பி.ஏ. தனியாகப் போடும். இதுவரை இந்தப் பாடங்களில் 30 கிரெடிட் முடித்து 3.6 வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அதாவது 108 புள்ளிகள். நான்கு கிரெடிட் சி 8 புள்ளி தரும். 116-ஐ 34-ஆல் வகுத்தால் 3.41. பார்த்தவுடன் வயிறு கலங்கும். இப்போது அதே கோர்ஸைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் 132-ஐ 38-ஆல் வகுக்க வேண்டும், 3.47. அதே நான்கு கிரெடிட்டைப் பயோகெமிஸ்ட்ரியில் போட்டு ஏ வாங்கினாலும் அதே 3.47தான். எண் ஒன்றாக இருக்கும்போது, ஏற்கெனவே ஒருமுறை கேட்ட பாடத்தில் வாங்கிய ஏ-யைவிட அதைவிடக் கடினமான அடுத்த பாடத்தில் வாங்கிய ஏ படிப்பவர் கண்ணில் கனமாகத் தெரியும். திரும்ப எடுத்து பி வாங்கினாலோ 3.37, இன்னும் நஷ்டம்.

இன்னும் கொஞ்சம் முன்னே போய்ப் பாருங்கள். அடுத்த 30 அறிவியல் கிரெடிட்டில் 3.8 வைத்தால் மொத்தம் 3.59. அந்த சி-க்குப் பதிலாக பி பிளஸ் வாங்கியிருந்தால் 3.68 வந்திருக்கும். எம்.டி. ஸ்கூல்களில் சேர்பவர்களின் சராசரி அறிவியல் ஜி.பி.ஏ. அண்மை ஆண்டுகளில் 3.7-ஐ ஒட்டி இருக்கிறது. 3.59 அதற்குக் கீழேதான், ஆனால் எட்டாத தூரம் இல்லை. உங்கள் எண்களை வைத்து இதே கணக்கை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0. டெக்சஸ் மாநிலத்தின் தனி விண்ணப்ப முறையில் பிளஸும் மைனஸும் கணக்கில் வராது. அங்கே பி மைனஸ் லாபம், சி பிளஸ் நஷ்டம்.

ஆனால் "அடுத்த 30 கிரெடிட்டில் 3.8" என்று எழுதுவது சுலபம். சி வரக் காரணமாக இருந்த படிப்பு முறையோடு ஆர்கானிக் இரண்டாம் பகுதிக்குள் நுழைந்தால் அங்கேயும் சி வரும். ஒற்றை சி-யைப் பெரும்பாலும் மன்னிப்பார்கள், அடுத்தடுத்து இரண்டு வந்தால் கதை வேறு. அதனால் விடுமுறையிலேயே பழைய தேர்வுத்தாள்களை எடுத்து, மார்க் போன ஒவ்வொரு இடத்தையும் வகைப்படுத்துங்கள். வினையே தெரியவில்லையா? தெரிந்தும் வினைவழி (எலக்ட்ரான்கள் நகர்வதை அம்புகளால் படிப்படியாகக் காட்டுவது) வரைய வரவில்லையா? நேரம் போதவில்லையா? மின்சுமைக் குறியை விட்டதுபோன்ற கவனக்குறைவா? பெரும்பாலோருக்கு இரண்டாவது வகைதான் குவிந்து கிடக்கும், ஏனென்றால் ஃப்ளாஷ் கார்டு வைத்து வினைகளை மனப்பாடம் செய்திருப்பார்கள். உயிரியலில் அது ஓடும். ஆர்கானிக்கில் தேர்வுக்கு வரும் மூலக்கூறு கார்டில் இருந்த மூலக்கூறாக இருக்காது.

இதற்கு மருந்து வெற்றுத்தாள். விடைப்புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு "ஆமாம், புரிகிறது" என்று தலையாட்டுவது படிப்பு இல்லை. ஒரு கணக்குக்குப் பத்து நிமிடமாவது விடை பார்க்காமல் முட்டி மோத வேண்டும். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கில் ஒரு குறி போட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் கிளம்பும். ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு போடுபவர்களுக்கு அடிப்படையிலேயே ஓட்டை இருக்கிறது. அமில ஊடகத்தில் நடக்கும் வினையில் நடுவே ஹைட்ராக்சைடையோ ஆல்காக்சைடையோ வரைவது அடுத்த பெரிய தவறு. அமிலத்தில் வலுவான காரம் தாக்குப்பிடிக்காது என்ற ஒரே விதி இரண்டாம் பகுதியில் கார்போனைல் வினைகள் முழுக்கக் கூடவே வரும்.

மனப்பாடம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. பி.கே.ஏ. மதிப்புகள் (அமில வலிமையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் வலுவானது): கார்பாக்சிலிக் அமிலம் சுமார் 5, ஃபீனால் 10, ஆல்கஹால் 16, முனை ஆல்கைன் 25, ஆல்கேன் 50. எந்த வினை எந்தப் பக்கம் சாயும் என்பதில் பாதி இந்த எண்களிலிருந்தே வந்துவிடும். பதிலீடா நீக்கமா என்று குழம்பும் கணக்குகளில் (முதல் பகுதியில் அதிக மார்க்கைத் தின்பவை இவைதான்) கார்பன் முதல்நிலையா, இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா, வந்து தாக்குவது வலுவான காரமா, கரைப்பான் என்ன, சூடு உண்டா என்று அதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள். நான்கு கிரெடிட் ஆர்கானிக்குக்கு வகுப்புக்கு வெளியே வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். அதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாகக் கொட்டினால் பயன் இல்லை.

பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பாதி வரைந்து நின்றுபோன கணக்கைக் கொண்டுபோனால் எந்த அம்பில் தவறினீர்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். விண்ணப்பத்துக்கு வழக்கமாக இரண்டு அறிவியல் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் பகுதியில் தடுமாறி இரண்டாம் பகுதியில் நிமிர்ந்த மாணவரைப் பற்றி எழுத ஓர் ஆசிரியருக்கு விஷயம் இருக்கும்.

அடுத்த செமஸ்டரில் லேப் உள்ள அறிவியல் கோர்ஸ் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆர்கானிக், இயற்பியல், மரபியல் மூன்றையும் எடுத்து, கூடவே ஆராய்ச்சிக்கூடத்தில் பதினைந்து மணி நேரம் உழைத்து "ஈடுகட்டுகிறேன்" என்று இறங்குவதுதான் இரண்டாவது சி-க்கு நேர்வழி. அதேபோல், உளவியலும் ஊட்டச்சத்துப் பாடமும் எடுத்து அறிவியல் ஜி.பி.ஏ.வைத் தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆம்காஸ் இரண்டையும் அறிவியல் கணக்கில் சேர்க்காது. புள்ளியியலைக் கணிதமாகச் சேர்க்கும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் சுலபம் என்பார்கள். அந்த கிரேடும் கணக்கில் வரும், ஆனால் நான்காண்டுக் கல்லூரியில் வாங்கிய சி-யை அழிக்காது.

மீண்டும் சறுக்குவதாகத் தெரிந்தால், கோர்ஸிலிருந்து விலகக் கடைசி நாள் என்ன என்பதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே காலண்டரில் குறித்திருக்க வேண்டும். விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் விழும் டபிள்யூ ஜி.பி.ஏ.வில் சேராது. ஒன்று இருந்தால் பெரிதாகப் பேசமாட்டார்கள், மூன்று இருந்தால் கேட்பார்கள். விலகினால் மொத்த கிரெடிட் முழுநேர மாணவருக்கு வேண்டிய 12-க்குக் கீழே போகுமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். போனால் உதவித்தொகையிலும், எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு விசாவிலும் கை வைக்கும்.

மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் இந்த சி-யை ஓரளவு சமன் செய்யும். மொத்த மதிப்பெண் 472 முதல் 528 வரை. வேதியியல்-இயற்பியல் பிரிவில் ஆர்கானிக் சுமார் 15 சதவீதம், உயிரியல் பிரிவில் 5 சதவீதம். பயோகெமிஸ்ட்ரியோ இரண்டு பிரிவிலும் 25 சதவீதம். ஆகவே தேர்வுக்கு முன் பயோகெமிஸ்ட்ரியை நன்றாக முடித்துவிடுவது முக்கியம். வேதியியல்-இயற்பியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வந்தால், பாடம் பிற்பாடு பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஜி.பி.ஏ. தொடர்ந்து சரியும்போது எம்கேட் தனியாகக் காப்பாற்றாது.

விண்ணப்பத்தின் பெர்சனல் ஸ்டேட்மென்டில் 5,300 எழுத்துகளுக்குத்தான் இடம். அதில் சி-யைப் பற்றி அழாதீர்கள். கல்வியில் ஏற்பட்ட சறுக்கலை விளக்கச் சொல்லி ஒரு ஸ்கூல் தனியாகக் கேட்டால் மூன்று நான்கு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள், பிறகு எந்தெந்தப் பாடத்தில் என்ன கிரேடு. ஆசிரியர் சரியில்லை என்று ஒரு சொல் வந்தாலும் கெட்டது.

வீட்டில் சொல்வது சிலருக்குத் தேர்வைவிடக் கடினம். ப்ளஸ் டூ கட்-ஆஃப் காலத்தில் அரை மார்க்கில் சீட் போனதைப் பார்த்த அப்பா அம்மாவுக்கு ஒரு சி என்றால் எல்லாம் முடிந்தது என்றே தோன்றும். அங்கே ஒரே எண்ணை வைத்து வரிசை போடுவார்கள். இங்கே ஒரு குழு டிரான்ஸ்கிரிப்டை செமஸ்டர் செமஸ்டராகப் படிக்கிறது. மேலே சொன்ன ஸ்ப்ரெட்ஷீட்டையே அவர்களுக்குக் காட்டுங்கள். ஆறுதல் வார்த்தையைவிட அது வேலை செய்யும்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதுதான் மிச்சம். இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் இந்த சி வந்திருந்தால், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் விண்ணப்பிக்கும்போது நிமிர்ந்ததைக் காட்ட மூன்று செமஸ்டர் இருக்கும். ஓராண்டு தள்ளினால் ஐந்து. மூன்றில் அறிவியல் ஜி.பி.ஏ. 3.5-ஐத் தாண்டி ஏறுமுகமாக இருந்தால் போங்கள். 3.3-ஐ ஒட்டி நின்றால் தள்ளுங்கள். பட்டம் முடிந்தும் அங்கேயே நின்றால் போஸ்ட்-பேக் (பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்கள்) எடுக்கலாம், அந்த கிரேடுகள் இளநிலை ஜி.பி.ஏ.வில் சேரும். முதுநிலைச் சிறப்புப் படிப்பு எடுத்தால் அது தனி ஜி.பி.ஏ.வாக நிற்கும், பழையதைத் தூக்காது. அவசரப்பட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், அடுத்த முறை சென்ற ஆண்டிலிருந்து என்ன மாறியது என்று கேட்கும் ஸ்கூல்களுக்குக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.